ஐம்பது கிலோ

அடித்தது ஆயிரம் சிடி.
அட்டை உறையோடு நிறுத்தால் முப்பத்தொரு கிலோ.
கீழமாரட் வீதி வெங்காயக் கடைத் தராசில்
சேவுகனே தூக்கி வைத்துப் பார்த்து,
"ஒரு மூட்டைக்குக்கூட வரலையேடா" என்றான்.
ஆல்பத்தின் பெயர் ஐம்பது கிலோ.

சிம்மக்கல்லில், பிளக்ஸ் கடைக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய அறை என்னுடையது.
அந்த வருஷம் மணிக்கொரு தரம் கரண்ட் போகும்.
இருக்கிற நேரத்துக்குள்
ஃபேனை நிறுத்திச் சட்டையைக் கழற்றி
மூச்சு வாங்காமல் கொட்டுவான்.
மூன்றாவது பாட்டு பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும்.
புதிய பாணி என்று எழுதினார் ஒரு நிருபர்.
ஐயா, அது மின்வாரியம்.

டிரம் வாங்கக் காசில்லை.
கொக்கி சாக்கில் இறங்குகிற சத்தம்,
எடைக்கல் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம்.
அப்புறம் கமிஷன் கடை சித்தையா
மூட்டை எண்ணுகிற குரல்.
ஒன்று என்று சொல்லவே மாட்டார்:
லாபம், ரெண்டு, மூணு.
அதன்மேல்தான் சேவுகன் ஏறினான்:
"மூட்டை ஒன்னுது, முதுகு என்னுது."

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் நாற்பது வைத்தோம்.
ஆறு போனது.
ஆறில் இரண்டு என் மச்சினன், இரண்டு பெயரில்.
சென்னைக் கம்பெனியிலிருந்து போன்:
பேச்சு ரொம்ப மதுரையாக இருக்கிறதாம்,
கொஞ்சம் பொதுவாக்கித் தர முடியுமா?
"வெங்காயத்தைப் பொதுவா எப்படிங்க சொல்றது?"
நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.
அவர்கள் வைத்துவிட்டார்கள்.

என் பங்கு அறுபதாயிரம். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது.
அதைப்பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

ஒரு ராத்திரி பெரியார் நிலையத்துக்கு எதிரே
பத்து ரூபாய்க்கு மெமரி கார்டு நிரப்பிக்கொடுக்கும் பக்ருதீனிடம்
தலையில் துண்டோடு போய் நின்றான்.
"அந்த மூட்டைப் பாட்டு இருக்கா தம்பி?"
"அது இல்லாம யாருண்ணே ஏத்துறா?"
பத்து ரூபாய் கொடுத்து
தன் பாட்டைத் தானே வாங்கி வந்தான்.
வில்லாபுரம் ஷேர் ஆட்டோவில் டிரைவர் அதைத்தான் போட்டிருந்தார்.
பக்கத்தில் உட்கார்ந்த கொத்தனார்
ஒரு வார்த்தை தப்பாகப் பாடினார்.
திருத்த வாயெடுத்த நான் இவனைப் பார்த்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.
சில்லறை சரியாகக் கொடுத்து இறங்கினோம்.

மொத்தமாய் விற்றது ஒரே தரம்.
வாடிப்பட்டிப் பக்கம் கொய்யாத் தோப்புக்காரர்,
முந்நூறு, தலைக்கு ரெண்டு ரூபாய்,
கிளி விரட்ட.
"ரெண்டு பக்கமும் மின்னுமேன்னு பாத்தேன்.
ஒரு பக்கம் ஒன் மூஞ்சி இருக்கு.
சரி, பரவால்ல."

பார்க்கப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம்.
மரத்துக்கு மூன்றாய் சேவுகன்
நூலில் சுற்றிச் சுற்றி வெளுத்துக்கொண்டிருந்தான்.
கிளிகள் வந்திருந்தன.
ஒன்று அவன் காதருகே உட்கார்ந்து
நிதானமாகப் பழம் தின்றது.
"கேக்குது பாரு" என்றான்.
அந்த வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

இரண்டாவது ஆல்பத்துக்கும் பெயர் வைத்துவிட்டான்.
கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

நேற்று மழையில் என் கூரை ஒழுகியது.
மிச்சப் பெட்டிகளை நகர்த்தப் போனால்
அட்டை ஊறி, கை தாங்காத கனம்.
காய வைக்க ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தரையில் பரப்பினேன்.
என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்:

லாபம்,
ரெண்டு,
மூணு