ஆணியின் மேல் நடந்த பையன்

முந்நூறு பிரதிகள்.
பனிச்சாலை உருகுவதற்கு நான்கு நாள் முன்னால்
கடைசி லாரியில் வந்து இறங்கின,
மாவு மூட்டைகளுக்கும்
யாரோ வாங்கிய சலவை இயந்திரத்துக்கும் நடுவே.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தரையில்
பெட்டியைப் பிரித்தோம்.
ஜேரட் வரைந்த அட்டை:
நீலம், அதற்குள் இன்னொரு நீலம்.
மை வாசனையை முகர்ந்தபடி
மூன்றாம் பக்கம் போன ரோவினா
அங்கேயே நின்றாள். பிறகு சிரித்தாள்.
அது நல்ல சிரிப்பு இல்லை.

"பையன் ஆணி மேல நடக்கறான்" என்றாள்.
"ஆணி உறைஞ்சு கிடக்கு.
ஆணிக்கு அடியில மீனெல்லாம் தூங்குது."

கிரீ எழுத்தின் தலையில்
புள்ளி வைத்தால் நெடில், எடுத்தால் குறில்.
நெடிலில் ஏரி.
குறிலில் ஆணி.
அவள் கையால் எழுதிய பக்கங்களை
வின்னிபெக் அச்சகத்தில் ஓர் ஒழுங்கான மனிதர்
ஸ்கேனரில் படிந்த தூசி என்று நினைத்து
துடைத்திருக்கிறார்,
அக்கறையாக, ஒன்று விடாமல்.

மெய்ப்பில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டது நான்.
எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது.
நிதிக்கு விண்ணப்பிக்கத் தெரியும்.
பசை எத்தனை லிட்டர், நூல் எத்தனை கண்டு, தெரியும்.
'இளம் பூர்வகுடிக் கலைஞர்களுக்குத் துணை நிற்றல்' என்று
பதினோரு பக்கம் எழுதி அனுப்பியவள் நான்.
துணை நின்ற லட்சணம் இது.

அச்சகம் மன்னிப்புக் கேட்டது.
இலவசமாகவே மறுபடி அடித்துத் தருவார்களாம்.
சாலை இனி ஜனவரியில்தான் உறையும்.
விமானத்தில் கிலோவுக்கு என்ன கட்டணம் என்று கேட்டேன்,
சொன்னார்கள், போனை வைத்தேன்.

டெஸ்மண்ட் பியர்டி, பதினாறு வயது,
நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம்.
பெட்டி அட்டையிலேயே கணக்குப் போட்டான்:
பிரதிக்கு நாற்பத்து மூன்று.
மொத்தம் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
"கடையில பேனா இருக்கா?"

இருந்தது. நானும் ஒன்றை எடுத்தேன்.
ரோவினா அதை என் விரல்களிலிருந்து
கழற்றிக்கொண்டாள்.
"நீங்க எண்ணுங்க."

எண்ணினேன். ரொட்டி வாட்டினேன். எண்ணினேன்.
ஜேரட்டின் புள்ளி குண்டு.
டெஸ்மண்டுடையது கொசுக்கடி.
ரோவினாவின் புள்ளி எப்போதும் வலப்பக்கம் சாயும்,
காற்றில் தொப்பி நகர்ந்த மாதிரி.
ஐந்தாம் நாள் கறுப்பு தீர்ந்தது.
எட்டாம் நாள் நீலம்.
கடைசி நாற்பது பிரதிகளில் ஏரிக்குப் பச்சைப் புள்ளி.
அந்த நாற்பதுக்கு இப்போதே
மூன்றாம் வகுப்பில் அடிதடி.

நடுவில் ஒரு மத்தியானம்
ஜேரட் பேனாவைக் கீழே வைத்தான்.
காலிப் பெட்டியைக் கிழித்து விரித்து
உட்பக்கத்தில் வரைய ஆரம்பித்தான்:
அடிவானம் முழுக்கப் படுத்திருக்கும் ஓர் ஆணி.
துருவின் மேல் கை விரித்து நடக்கும் பையன்.
அடியில், இரும்புக்குள், தூங்கும் மீன்கள்.
"என் கதையை ஒழுங்கா முடி" என்றாள் ரோவினா.
"இது உன் கதை இல்ல" என்றான், நிமிராமல்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு,
அவன் பங்குப் பிரதிகளில் பாதியைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முடிந்த இரவு என் கணக்கு உதைத்தது.
பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு.
மறுபடி எண்ணினேன். அதே எண்.
நாற்பத்து மூன்று குறைகிறது என்றேன்.

"தெரியும்" என்றாள் ரோவினா, கோட்டை மாட்டிக்கொண்டே.
"ஒண்ணுல வைக்கல. அது உங்களுக்கு.
கத்துக்கிட்டு நீங்களே வைங்க."

அது இங்கேதான் இருக்கிறது, அடுப்படி மேசையில்,
பக்கத்தில் சீவிய பென்சில், அழிப்பான்.
ஐந்தாம் பக்கம் வரை ஏரி.
அதற்கு மேல் இன்னும் ஆணி.