ஊதாவுக்குப் புறத்தே

முதல் கேமரா அவளை அடித்தது.
மின்கலத்தைக் கழற்றி இரண்டு நாள் ஆன பிறகும்
ஃபிளாஷின் மின்தேக்கி ஒரு கடியை மிச்சம் வைத்திருந்தது.
சுட்டுவிரல் நுனியில் இன்னும் அந்த வெள்ளைப் புள்ளி.

இது மூன்றாவது.
புன்டா அரேனாஸில், தகரக் கூரையைக்
காற்று நெம்பிப் பார்க்கும் ஓர் அக்டோபர்ப் பகலில்
டனிட்சா திருகாணிகளை எண்ணுகிறாள்:
அடியில் நான்கு, பக்கத்தில் இரண்டு,
ரப்பர் பிடிக்குள் ஒளிந்திருந்த ஒன்று.
கழன்ற வரிசையிலேயே
முட்டை அட்டையின் குழிகளில் தூங்குகின்றன.
திரும்பப் பூட்டும்போது எப்போதும் ஒன்று மிஞ்சும்.
எங்கிருந்து வந்ததென்று கேமராவுக்கே தெரியாது.

நாடாக் கம்பிகளை மூச்சடக்கி உருவுகிறாள்.
உள்ளே, உணரியின் மேல்,
கட்டைவிரல் நகமளவு கண்ணாடி.
ஆழமில்லாத கடலின் பச்சைநீலம்.
செய்தவர்கள் நிறுத்திப்போன காவல்:
மனிதன் காண்பதை மட்டும் உள்ளே விடு,
மற்றதை வாசலோடு அனுப்பிவிடு.

ஊதாவைத் தாண்டினால் புறம்.
சிவப்பைத் தாண்டினால் அகம்.
நடுவே ஒடுங்கிய ஒரு நடை.
அதற்குத்தான் உலகம் என்று பேர் வைத்து
பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

சவரத் தகட்டைச் சூடாக்கிப்
பசையின் ஓரத்தில் நுழைக்கிறாள்.
போன தடவை இங்கேதான் உடைந்தது,
இரண்டு மாத வாடகை, சில்லுச் சில்லாக.
இன்று முழுசாக வருகிறது,
புண்ணின் பொருக்கு
தானாக விடுவதுபோல.
அந்த இடத்தில் குவார்ட்ஸ்.
யாரையும் திருப்பி அனுப்பாத கல்.
முன்னால், இருட்டறைக்காரன் ஒருவன் விற்றுப்போன
படம் பெருக்கும் லென்ஸ்;
அதற்கும் முன்னால், கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும்
ஒரு வடிகட்டி.

வாசலில் முளைத்த சீமைக் காட்டுமுள்ளங்கிதான் முதல் படம்.
நமக்கு அது முழு மஞ்சள், ஒரே பேச்சு.
திரையில் வெளிவட்டம் வெளிறி, நடு கன்னங்கரேல்.
தேனீக்கு மட்டும் போட்ட கோலம்.
இத்தனை வருஷம் அதை மிதித்துத்தான்
அவள் வேலைக்குப் போய்வந்தாள்.

இந்த ஊரின் மேலேயும் ஒரு கண்ணாடி உண்டு.
வசந்தம் வந்தால் மெலியும்.
அதை யாரும் திருப்புளியால் கழற்றவில்லை.
எங்கோ தூரத்து ஊர்களில்
குளிர்பெட்டிகள் விட்ட பெருமூச்சு
மெல்ல மெல்லத் தெற்கே வந்து
பசையை இளக்கிற்று.
பூட்டுவதற்குக் குவார்ட்ஸும் வேண்டாம், இனி காவலே வேண்டும்.
ஆறிவருகிறது என்கிறார்கள்.
ஆறும்வரை தொப்பி.

நண்டுப் படகுக்காரன் பௌதீலியோ ஓயார்ஸோ
வானொலியை வாங்கிப்போக வந்தான்.
"அப்படியே நில்."
நின்றான். திரையில் இன்னொருவன் நின்றான்.
கன்னமெங்கும் கருந்தீவுகள்,
மூக்கின் மேல் ஒரு முனை, நெற்றியில் திட்டுத் திட்டாய் ஆழம்.
ஜலசந்தியின் வரைபடத்தைத்
தன் முகத்திலேயே சுமந்து நாற்பது வருஷம்
வழி விசாரித்துக்கொண்டிருந்தவன்.

"இனிமேல் வரப்போகிற முகமா?"
"இல்லை. வந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை."

சிரிக்கவில்லை அவன்.
மேஜைமேல் கிடந்த அவளது வெயில் களிம்பை
வாங்கி, மீன் உப்பு தேய்க்கிற கையால்
கரகரவென்று தேய்த்தான்.
நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, லேசாய் ஒரு பளபளப்பு.
திரையிலோ தார்.
புகைபோக்கியில் விழுந்து எழுந்தவன்போல்,
பல் மட்டும் தனியாக, இப்போது சிரித்தான்.
காவல் என்றால் இந்தக் கண்ணாடிக்கு
அத்தனையும் இருட்டு.

அவன் வானொலியைக் கக்கத்தில் இடுக்கித் திரும்பியபோது
டனிட்சா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இடது காதின் பின்னே
விரல் படாத ஒரு கீற்று
வெளிறிக் கிடந்தது.

"பௌதீலியோ, ஒரு நிமிஷம்."

கேமராவைக் கீழே வைத்தாள்.
முட்டை அட்டையில் மிஞ்சிய திருகாணி உருண்டது.
புள்ளி விழுந்த அந்தச் சுட்டுவிரலால்
கொஞ்சம் களிம்பு எடுத்தாள்.