பவுன் தங்கத்தை விட்ட வருஷம்

பிரஜோற்பத்தி என்று பஞ்சாங்கத்தில் பேர்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்று
பேரேட்டின் முதுகில் நான் எழுதியிருந்தேன்.
தெற்காவணி மூல வீதியில்
நகை வாங்கி உருக்கும் கடை. எனக்குக் கணக்கு வேலை,
சம்பளம் பதினோரு ரூபாய்.

உலகம் எங்களிடம் பொட்டலமாக வந்தது.
காப்பிக்கடைக்காரன் வடை மடித்த தாளில்
ஒரு ராஜா ஊரைவிட்டுப் போயிருந்தான்,
ஸ்பெயினாம். எண்ணெய் பட்ட இடத்தில்
அவன் முகம் கண்ணாடியாகியிருந்தது;
அதன் வழியே பின்பக்கத்துப் பருத்தி விலை தெரிந்தது.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
அமெரிக்காவில் நூற்றிரண்டு மாடி எழுப்பித் திறந்தார்கள்.
குடிவர ஆள் இல்லையாம்.
நாகமுத்துப் பத்தர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து
தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.
"புறாவாச்சும் வருமா?"

ஆடியில் சீனத்து ஆறு கரையை மறந்தது.
எத்தனை லட்சம் பேர் என்பதில்
தாளுக்குத் தாள் ஒரு சைபர் கூடியது, குறைந்தது.
வைகையில் நாங்கள் மணலைத் தோண்டி
ஊற்றுக்குப் பக்கத்தில் குடத்தோடு உட்கார்ந்திருந்தோம்.
அந்தச் செய்தியை ஈரமில்லாமல் படித்தோமோ என்று
இப்போது எழுதுகையில் தோன்றுகிறது.

புரட்டாசியில்
மஞ்சூரியாத் தண்டவாளத்தில் ஒரு வேட்டு.
அதைச் சாக்கிட்டு ஒரு தேசம் கைமாறத் தொடங்கியது.
அடுத்த மூன்றாம் நாள் பம்பாய்த் தந்தி.
முதலாளி இரண்டு தரம் வாசித்துவிட்டு உரக்கச் சொன்னார்:
பவுன் தங்கத்தை விட்டுவிட்டது.

பத்தருக்கு விளங்கவில்லை.
"பவுனுன்னாலே தங்கந்தானே ஐயா?
நெருப்பு சூட்டை விட்டுப்போச்சுன்னா
அப்புறம் அதுக்குப் பேரு என்ன?"
லண்டன் காகிதம் வேறு, நம் பவுன் வேறு என்று
முதலாளி சொல்லிப் பார்த்தார்.
எனக்குப் பாதிதான் விளங்கியது.
மறுபாதியை விலை விளக்கியது:
பதிமூன்று ரூபாய்ச் சில்லறைக்கு விற்றது
கார்த்திகையில் பதினேழைத் தாண்டியது.

இடையில் ஐப்பசியில்
மின்விளக்குக்காரர் ஒருவர் செத்தாரென்று
அமெரிக்கா ஒரு நிமிஷம் இருட்டில் நின்றதாம்.
நானும் அரிக்கேன் திரியை இறக்கினேன்.
சீமெண்ணெய் மிச்சம்.

வந்தார்கள்.
கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, சோழவந்தான்,
கட்டைவண்டியில், கால்நடையாக,
சுருக்குப்பையை இரு கையாலும் பொத்திக்கொண்டு.
விலை ஏறியதற்காக வந்தவர் பத்தில் ஒருவர்.
மற்றவர்கள் பருத்தி இறங்கியதற்காக வந்தார்கள்.
தோடு, தண்டட்டி, அட்டியல், அரைமூடி.
அரைமூடியை நெருப்பிலிடும்போது பத்தர் முகம் திருப்பிக்கொள்வார்.
தாலி வந்தால் மட்டும்
முதலாளி ஒரு ரூபாய் கூடப் போடச் சொல்வார்;
எதற்கென்று எழுதச் சொல்லமாட்டார்.

சீனியம்மாள் வந்தது வெள்ளிக்கிழமை.
வெள்ளியில் தங்கம் வீட்டைவிட்டுப் போகக்கூடாது,
ஆனால் கிஸ்திக் கெடு சனிக்கிழமை.
பேரையூருக்குத் தெற்கே கரிசல்காட்டுக்காரி.
பாம்படம் ஒரு ஜோடி.
கழற்றிய பின்னும் காது
தோள்வரை இறங்கியே நின்றது, நடுவே தெரு தெரிய.
ஆறு பவுன் என்பது அவள் கணக்கு.
பத்தர் பிளந்தார். உள்ளே அரக்கு.
நீக்கி நிறுத்தால் இரண்டேமுக்கால்.

அவள் அழவில்லை. தராசைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இதெல்லாம் எங்க போகுது?"
பம்பாய்க்கு. அங்கிருந்து கப்பலில் லண்டனுக்கு.
"அங்கன யாரு காதுல போடுவாக?"
யாரும் போடமாட்டார்கள், பூமிக்கடியில் அறை கட்டி
அடுக்கிவைப்பார்கள் என்றேன்.
பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
அந்த வருஷம் நான் சொன்னதிலேயே
அதுதான் பத்தரைமாற்று உண்மை.

பணத்தை முந்தியில் முடிந்தபின்னும் நின்றாள்.
"அந்த அரக்கக் குடுங்க."
எதற்கு என்றார் முதலாளி.
"நாப்பது வருசமா என் காத இழுத்தது அதுதான?
தங்கம்னு நெனச்சுல்ல தாங்குனேன்."
பத்தர் கரியைத் தட்டி
கறுத்த கட்டி இரண்டை வாழைச்சருகில் வைத்துக் கொடுத்தார்.

அரக்குக்கு ஏட்டில் பத்தி கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
அரக்கு, ஜோடி ஒன்று, உடையவளிடம் திரும்பியது.
மாசக்கடைசியில் முதலாளி அதில் விரலை வைத்து
என்ன விலை போட்டாய் என்றார்.
அதற்கு இன்னும் தந்தி வரவில்லை என்றேன்.