தடைக்காலம்

எங்கள் ஊர்ப் பெயரில் மோர் இருக்கிறது, பண்ணை இருக்கிறது.
பக்கத்து ஊர் திருப்பாலைக்குடி.
பெயர்ப்பலகையை மட்டும் படித்துக்கொண்டு போகிறவன்
இங்கே கடல் கிடப்பதை நம்பமாட்டான்.
மோர்ப்பண்ணையில் சங்கத்துக்குப் பால் ஊற்றுவது ஏழு வீடு.
ஏழாவது நான்.

செவலை ஈன்றது ஐப்பசி அடைமழையில்.
கிடாரிக் கன்று.
கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர்.
விடிந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை.
தொங்கியதில் பழைய செருப்பைக் கட்டச் சொன்னார்கள்,
கட்டினேன்.
மறுநாள் மாலை கொழுந்தன் பிடித்து இழுத்தான்.
பாதி வந்தது.
மீதியை யாரும் கேட்கவில்லை,
பால் வந்துவிட்டதே.
வேளைக்கு ஆறு லிட்டர்.

கார்த்திகையில் அவள் மூச்சில்
புளிக்கத் தொடங்கிய பதநீர் வாடை.
வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
இடுப்பெலும்பில் கயிற்றை மாட்டலாம், அப்படித் துருத்தியது.
நான் கேனைத்தான் பார்த்தேன்.
அதில் இருந்தது அவள் கொழுப்பு, அவள் எலும்பின் சுண்ணாம்பு.
சங்கத்தில் அதற்குப் பெயர் டிகிரி.

மூன்று சினை ஊசி.
முதலாவது, ஈன்ற நாற்பதாம் நாளே.
அவசரம் மாட்டுக்கில்லை, எனக்கு.
ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றியபடி
அருளானந்து "நிக்கும்" என்றார்.
நிற்கவில்லை.
பங்குனியில் வியாபாரி ஒருவன் வந்து
வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக்
கிலோக் கணக்கில் பேசினான்.

டாக்டர் சபூரா தோள்வரை கையை விட்டு
வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.
"கர்ப்பப்பை இன்னும் சரியா சுருங்கலம்மா.
உள்ள சீழ் கெடக்கு.
ஊசிமேல குத்தமில்ல.
இப்ப நிக்காததுக்கான காரணம்
நீங்க கொடிய இழுத்த அன்னைக்கு இருக்கு."

பிறகு தீனித்தொட்டியைக் கிளறினார்.
கருவேலங்காய். வைக்கோல். அடியில் மறுபடி கருவேலங்காய்.
தாது உப்புக் குறைவு என்று சீட்டில் எழுதினார்,
உப்புக்காற்று தகரத்தைத் தின்று முடித்த
அந்தக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு.
நான் சிரித்துவிட்டேன்.
அவரும்.

"கழுவி மருந்து வைக்கிறேன்.
அடுத்து காளைக்குக் கத்தினா, விட்ருங்க.
அதுக்கடுத்ததுல பாக்கலாம்."
விடுவதா?
இருபத்தொரு நாள் என்றால் எத்தனை படி தவிடு?

அன்று சித்திரை இரண்டு.
வீட்டுக்காரர் தொண்டி விசைப்படகிலிருந்து
துணிமூட்டையோடு வந்து இறங்கினார்.
அறுபத்தொரு நாள் தடை.
மீன் சினை வைக்கிற காலம், இழுவைமடி இறங்கக் கூடாது.
நிவாரணம் வந்தால் வரும்.
கடலுக்கு அரசாங்கம் எழுதிக்கொடுத்த ஓய்வு அது.
எனக்கு இரண்டாவது பிறந்த இருபதாம் நாள்
நண்டுவலையில் கை வைத்தேன்.
அதை யாரும் எந்தக் காலண்டரிலும் சுழிக்கவில்லை.

ஐஸ் கம்பெனிக் காலண்டரில்
தடை முடியும் தேதியை அவர் சுழித்தார்.
அதே தாளில் செவலைக்கு நான் ஒன்று சுழித்தேன்.
"மாட்டுக்குமா தடை?"
"மடிக்குத்தானே தடை" என்றேன்.
சாயங்காலக் கறவையை அன்றோடு நிறுத்தினேன்.
சங்கத்து நோட்டில் பாகம்பிரியாள் என்ற பெயருக்கு நேரே
மாலைக் கட்டம் காலியாகவே போனது.
தாது உப்பை வெல்லத்தில் பிசைந்து கொடுத்தேன்.
முதல் வாரம் துப்பினாள்.
பிறகு என் விரலையும் சேர்த்து நக்கினாள்.

வைகாசி பதின்மூன்று, விடிவதற்குள் கத்தத் தொடங்கினாள்.
டார்ச்சை அடித்தேன்.
வாலுக்கடியிலிருந்து தங்கூசி மாதிரி ஒரு வழும்பு,
கண்ணாடியாய், சீழின் திட்டே இல்லாமல்,
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
கையில் போன். போனில் அருளானந்து நம்பர்.
வழும்பு நீண்டு, மெலிந்து,
அறுந்து மணலில் விழுந்தது.

"கத்துறாளே, கூப்பிடலயா?" உள்ளிருந்து அவர்.
"கத்தட்டும்."

கரையில் ஒரு எஞ்சின் சத்தம் இல்லை.
விடிந்ததும் இருபத்தொன்று எண்ணினேன்.
ஆனி மூன்று.
தடை முடிந்திருக்கும், அவர் கடலில் இருப்பார்.
மூக்கணாங்கயிற்றை
நானே பிடித்துக்கொள்வேன்.