இருபத்து நான்கரை

செயலிக்குள் ஒரு முகவர் வந்திருக்கிறது என்றார்கள்.
இந்த ஊரில் முகவர் என்றால்
வீடு விற்பவர், காப்புறுதி எடுக்கச் சொல்பவர்,
மின்தூக்கிக்குள் சிரித்துக்கொண்டே அட்டை நீட்டுபவர்.
இது சிரிக்கவில்லை, எதையும் நீட்டவில்லை.
பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வாரமே என் எழுத்துகளைப் பெரிதாக்கியது.
நாற்பத்தாறு வயதென்று நான் சொல்லவே இல்லை;
திரைக்கும் மூக்குக்கும் இடையே அளந்திருக்கும்.
பிறகு தமிழ்ச் செய்திகளை இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்தியது.
ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கிறேனாம்.
வேகமாகத்தான் படிக்கிறேன்.
மெதுவாக எதைப் படிப்பேன் என்று அது கேட்கவில்லை.

தவசீலனுக்கு ஜூரோங் தீவில் மாலை ஷிப்ட்.
எனக்குச் சாங்கியில், விடியுமுன்.
சேங்காங்கில் ஒரு கட்டில்.
என் பாதித் தூக்கத்தில் வந்து படுப்பார்,
அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து போவேன்.
கிடைக்கிற நாலு மணி நேரத்தில்
ஏர்கானுக்காகச் சண்டை.
அவருக்கு இருபத்து மூன்று, எனக்கு இருபத்தாறு,
பத்தொன்பது வருடமாக.
ரிமோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்திருக்கிறேன்.
பேட்டரியைக் கழற்றிக்கொண்டு அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

முகவர் இருபத்து நான்கரை வைத்தது.

அதற்குமேல் யாரும் போர்வையை உதறவில்லை.
திட்ட ஒன்றுமில்லாமல்
பள்ளி முகாமுக்கு வந்த பிள்ளைகள்போல
ஆளுக்கொரு ஓரமாய்த் தூங்கினோம்.

நேற்று செங் லிம் நிலையத்தில்
மழை விடக் காத்திருந்தபோது
விரல் தவறி எங்கோ பட்டு ஒரு பக்கம் திறந்தது:
‘உங்களைப் பற்றி நான் அறிந்தவை.’
மழை நாளில் சூப் வாங்குவீர்கள்.
மாதக் கடைசியில் நகைக்கடை பார்ப்பீர்கள், வாங்கமாட்டீர்கள்.
தவசீலனின் இரவுச் செய்திகளைத் திறப்பதில்லை,
முக்கியமல்லாதவற்றில் சேர்த்துவிட்டேன்.

போன மார்ச்சில்
ஒன்பது நாள் திறக்காமலிருந்தேன்தான்.
ஒன்பது நாளும்
பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
திறக்காமலிருந்தேன்.
அதற்கு ஊடல் என்று பெயர்.
ஈராயிரம் வருடமாய் எங்களிடம் இருக்கிற சொல்,
அதன் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

முக்கியமல்லாதவற்றுக்குள் இறங்கினேன்.
பஸ் ஏறிட்டேன்.
நிலா பெருசா இருக்கு, சன்னல்ல பாரு.
பஸ் ஏறிட்டேன்.
சூப்பர்வைசர் மறுபடியும் கத்துறான்.
செவ்வாய் ஒன்று பன்னிரண்டுக்கு:
சாவி மறந்துட்டேன், கேட்டைத் திற.
ஒன்று நாற்பது: தூங்கிட்டியா?
இரண்டு ஐந்து: கோபமா?
இரண்டு ஆறு: சரி.

செவ்வாய் விடிகாலை
கேட்டைத் திறந்தபோது நடைபாதையில் நின்றார்.
ஓவர்டைமா என்றேன். ம் என்றார்.
மணி அடித்தால் எதிர்வீட்டு ஃபாரிடாவின் கைக்குழந்தை எழும்.
கீழ்த்தளத்துக் கல்மேசையில்,
சதுரங்கக் கட்டம் பதித்த அந்த மேசையில்,
தலைவைத்துத் தூங்கியிருப்பார்.
கன்னத்தில் கட்டம் விழுந்திருந்ததா?
நான் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மழை விடவில்லை. நனைந்தே போனேன்.
எழுத உட்கார்ந்தால் முகவர் முந்திக்கொண்டது:
‘தகவல் கிடைக்கத் தாமதமானதற்கு வருந்துகிறேன்’ என்று அனுப்பவா?
அழித்தேன்.
நான் அடித்ததில் பிழை இருந்தது, அப்படியே அனுப்பினேன்.
கேட்டைப் பூட்டாமல் சாத்தினேன்.
ஏர்கானை இருபத்தெட்டுக்கு ஏற்றினேன்.

வழக்கமான அளவுக்கு மாற்றவா? கேட்டது.
பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது.
கைபேசியைத் துவைக்கிற துணிக்கூடையில் போட்டேன்.

ஒன்று பத்துக்குக் கேட் கிறீச்சிட்டது.
அறைவாசலில் ஒரு காலில் நின்று
சாக்ஸைக் கழற்றியபடி அவர் சொன்னார்:
“என்னடி இது,
இட்லியா வேகவைக்கிற?”