வெறும் லோரியின் எடை

சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்திருக்கிற பாரம்
எட்டுப் பக்கம்.
விளையாட்டுக் குழு நிர்வாகிகளின் கொம்பெதென்சி.
முப்பத்திரண்டு கேள்வி,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிட வேண்டும்.
பாரம் என்றால் எங்களூரில் நிரப்புகிற தாள்.
பாரம் என்றால் சுமையும்தான்.

பகலெல்லாம் நான் இரண்டாவதை அளக்கிறவள்.
பீடோங் செம்பனை மில்லின் எடைப்பாலம்,
கண்ணாடிக் கூண்டு, எதிரே சிவப்பு எண்கள்.
குலையோடு லோரி ஏறி நிற்கும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வந்து நிற்கும், இன்னோர் எண்.
கழித்தால் பழம்.

என்னை எப்படிக் கழிப்பீர்கள், என்சிக் ஃபாரிட்?
வெறும் கோமளவல்லியை
முதலில் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லையே.

கேள்வி நான்கு, திட்டமிடல்.
குருணில் அரையிறுதி, வெள்ளிக்கிழமை மாலை நாலரை.
இரண்டரைக்கு வர வேண்டிய பஸ் மூன்றுக்கும் வரவில்லை.
பஸ்காரர் போனை அடைத்துவிட்டார்.
மில்லின் மூன்று டன் லோரியைக் கெஞ்சி வாங்கினேன்,
முந்தின நாள் குலைகளின் எண்ணெய்ப் பிசுக்கோடு.
பதினாறு பையன்களைப் பின்னால் ஏற்றிவிட்டு
கூண்டுக்குள் போய், பழக்க தோஷம்,
எடை போட்டேன்.
லோரியைக் கழித்து, தொள்ளாயிரத்து அறுபது கிலோ.
"அக்கா, நாங்க என்ன குலையா?" என்று
லிங்கேஸ் மேலிருந்து கத்தினான்.
இது இரண்டா, நான்கா?

நாலுக்குச் சுழியம் தோற்றோம்.
இருட்டில் திரும்பி, மறுபடி பாலத்தில் ஏற்றினேன்.
தொள்ளாயிரத்து எண்பது.
பதினாறு வாயும் மூடியே இருந்தன.
யுகேந்திரனின் பையிலிருந்து
சிவப்பெறும்பு வரிசையாக இறங்கியது.
யார் வீட்டு ரம்புத்தான் என்று நான் கேட்கவில்லை.
கேள்வி பதினொன்று, ஒழுங்கு நடவடிக்கை.
இரண்டு தின்றேன். புளிப்பு.

கேள்வி பத்தொன்பது, நிதி.
பஸ்காரர் மறுவாரம் வந்து
முந்நூற்று எண்பது வெள்ளியைத் திருப்பித் தந்தார்.
ரசீது கோப்பில் அப்படியே இருக்கிறது.
பணம் மூன்று ஜோடி பூட்ஸாகிவிட்டது.
ஒன்று ஹாஃபிஸுக்கு.
இரண்டு, பாதி ஆட்டத்தில் ஒரே ஜோடியை
மாற்றி மாட்டிக்கொள்ளும் அண்ணன் தம்பிக்கு.
குலைக்கு அடியில் ஈர மணல் போட்டு
எடை கூட்டி வந்த இரண்டு பேரை
நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
ஒருவர், மகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்றார்.
அன்றைக்கு நான்
ஐந்தில் ஐந்து வாங்கும் ஊழியை.

இந்தப் பாலத்துக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும்
அதற்கு இல்லாதது.
என் கைப்பையில் கவிஷனின் ஆஸ்துமா மருந்து.
கோல்காப்பாளன் தர்விந்த்தின் ஷிப்டை மாற்றச் சொல்லி
ஃபோர்மேனிடம் நான் சிரித்த, எனக்கே பிடிக்காத சிரிப்பு.
நாலாவது கோலுக்குப் பிறகு
அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை.
எண் அசையாது.

அதே பத்துக்குள்தான் இதுவும்:
துஷியந்தனை ஒரு சீசன் முழுக்க
பெஞ்சில் உட்கார வைத்தேன்.
ஆட்டம் சரியில்லை என்றேன். ஆட்டம் சரியாகத்தான் இருந்தது.
கோயில் கூட்டத்தில் அவன் அம்மா
என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்காக.
கேள்வி இருபத்தாறு, பாரபட்சமின்மை.
பேனா அங்கேயே
மைப்புள்ளி வைத்து நிற்கிறது.

கடைசிப் பக்கத்தில்
பிற குறிப்புகள் என்று மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
பதினாறு பேருக்கு மூன்று கோடு.
வெளியே ஹாரன்.
அந்தியில் வருகிற கடைசி லோரி.
சிவப்பு எண் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது.
ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து
சிகரெட் பற்றவைக்கிறார்.

கூண்டின் கண்ணாடியைத் தட்டுகிறேன்.
இறங்குங்கண்ணே.
நீங்க உட்கார்ந்திருந்தா
எண் நிற்காது.