பிழைதிருத்தம்

ஊரெல்லாம் பார்த்த ஓவியம்தான்.
கால்கிலோ தேயிலை டப்பாவின் மூடியில்
மஞ்சள் ரோஜாப் புதர், துரைசானியின் குடை,
நடுவே கல்தூண்மேல் ஒரு சூரியக் கடிகாரம்.
தகடு வடக்கே சரிந்திருக்கும்,
கைநழுவும் காப்பித் தட்டுபோல.

எண்பத்தேழில், சிவகாசியில்,
புது அச்சுக்கு அதை நான்தான் படியெடுத்தேன்.
"கோணலா இருக்கே, வரைஞ்சவன் தண்ணியோ"
என்றார் மேனேஜர் தங்கமாரியப்பன்.
ஸ்கேல் வைத்து நிமிர்த்தினேன்.
ஒன்பது லட்சம் டப்பா.
ஒருவரும் கடிதம் போடவில்லை.

கண்புரை எடுத்த பிறகு
பழைய மூடி முதல்முறையாகத் துலக்கமாகத் தெரிந்தது.
முள்ளுக்கும் தகட்டுக்கும் இடையே ஐம்பத்தோரு பாகை.
நிமிர்த்தும்போதும் அதை மட்டும் நான் மாற்றவில்லை,
ஏனென்று கேட்டால் தெரியாது.

கோத்தகிரி பஸ்ஸில் மடியில் டப்பா.
வளைவுக்கு வளைவு
படத்து மலையின் மூக்கை வெளியே தேடினேன்.
இரண்டு எஸ்டேட்டில் நாய் துரத்தியது.
மூன்றாவதில், எடைக்கொட்டகைக்குப் பின்னால்,
யூரியா மூட்டைகளுக்கு நடுவே
தூண்.

தகடு இல்லை. முள் இல்லை.
நான்கு ஆணித்துளை, ஒன்றில் பாசி.
தலை மட்டும் சரிவாகச் சீவியிருந்தது.

"அதுல ஒண்ணும் நிக்காதுங்க.
தூக்குப்போசி வச்சா உருண்டு ஓடும்"
கூடையை இறக்காமலே சொன்னார் தெய்வானை.

சட்டைப்பையில் இருந்த கோணமானியை வைத்தேன்.
நாற்பது.
கணக்கர் ஹாலா கவுடர் போனில் தேடிச் சொன்னார்:
லண்டன் ஐம்பத்தொன்று, நம்ம ஊர் பதினொன்று.

அங்கத்து வெயிலுக்கு வார்த்த தகடு.
கப்பலில் வந்து இங்கே பொய் சொல்லிக்கொண்டு
எத்தனை நாள் நின்றதோ.
பிறகு எவரோ
நடுவில் இருந்த நாற்பது பாகையை
உளியால் கழித்திருக்கிறார்.
தடம் இருக்கிறது, விரல் வைத்தால் படிபடியாக.
துரைசானிக்குப் படத்தில் முகம் உண்டு.
இவருக்கு ஒரு மூலைகூட இல்லை.

பத்து மணியிலிருந்து மேகம்.
வேட்டியை மடித்து மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
வெயில் வந்தபோது
பென்சிலை ஐம்பத்தொன்றில் சாய்த்துப் பிடித்தேன்.
கல்லில் மெல்லிய நிழல் ஒன்று விழுந்தது.
சரியான நேரம்தான்,
வாசிக்கத்தான் எண் இல்லை.

"மணி என்னங்க?" என்றார் தெய்வானை.
சொல்வதற்குள்
ஃபேக்டரி சங்கு ஊதிவிட்டது.